கண்ணுக்குள் இருந்த இரும்பு

பட்டறையில் அவரை எல்லோரும் பொறியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சாணைக்கல்லில் இரும்பை வைத்தால் பறக்கும் பொறிகளுக்கு நடுவே வெறுங்கண்ணோடு நின்று கதை பேசுகிற ஆள். யாராவது கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கண்ணாடி கேட்டால் முதலாளி, "எதுக்கு, பொண்ணு பாக்கவா போறே?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பொறியண்ணனும் சேர்ந்து சிரிப்பார். சாயங்காலம் அவர் கண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடும்போது மனைவி முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். "நல்ல மனுஷன், விடு" என்பார்.

அவருக்குத் தலைவலி, வாந்தி என்று தொடங்கியது. கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து மூளைக் கட்டி என்றார்கள். கத்தி எட்டாத ஆழத்தில் இருந்தது. கதிர்வீச்சு கொடுத்தும் அது அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மண்டையைத் திறக்க வேண்டாம். தலையைச் சுற்றிப் பல பக்கங்களிலிருந்து அல்ட்ராசவுண்ட் ஒலியை அனுப்பி, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுகூட வைப்பார்கள். அங்கே ரத்தக்குழாய்ச் சுவர் கொஞ்ச நேரம் இளகிக்கொடுக்கும். அந்த நேரத்தில் மருந்து கட்டிக்குள் இறங்கும். குறி தப்பாமல் இருக்க எம்.ஆர்.ஐ. படம் வழிகாட்டும். குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. காலம் நீளலாம் என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில், உடம்பில் எங்கேயாவது இரும்பு உண்டா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"இவரு சாணை பிடிக்கிறவருங்க" என்றாள் அவள்.

கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கண்ணின் பின்புறம், வெள்ளையாக, கடுகை விடச் சிறியதாக ஒரு துணுக்கு. எம்.ஆர்.ஐ. இயந்திரமே ஒரு ராட்சதக் காந்தம். உள்ளே போனால் துணுக்கு நகர்ந்து கண்ணைக் கிழித்துவிடும் என்றார் டாக்டர். படம் இல்லாமல் ஒலியைக் குறிவைக்க முடியாது. துணுக்கை அறுத்தெடுத்து, கண்ணில் புண் ஆறும்வரை மூளைக் கட்டி காத்திருக்காது.

திரும்பும் பஸ்ஸில் அவள் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். எலும்பைத் தொடாமல் மூளைக்குள் மருந்தை இறக்கத் தெரிந்த உலகத்தில், ஒரு மனுஷனுக்குக் கண்ணாடி வாங்கித் தர நாதியில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

கேட்க வேண்டிய ஆளே ஒருநாள் பழப்பையோடு வீட்டுக்கு வந்து நின்றார். எழுந்திருக்கப் பார்த்த கணவரை அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்ணுல விழுந்துச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. நான் பாத்துட்டு சும்மாவா இருந்திருப்பேன்?"

அவள் வாயெடுப்பதற்குள் பொறியண்ணனே பேசினார். குரல் உயரவில்லை.

"சொன்னேன் மொதலாளி. நீங்கதான் காந்தத்தக் கொண்டாந்து கண்ணுகிட்ட வச்சு எடுத்துவிட்டீங்க. இன்னும் உறுத்துதுன்னேன். போய் வேலையப் பாருன்னீங்க."

முதலாளி பழப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. மறந்திருந்தார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே பொறியண்ணன் போய்விட்டார். பட்டறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலாளி பெரிய மாலையோடு படியேறியபோது அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வர வேணாம். பட்டறையில இன்னும் நாலு பேரு வெறுங்கண்ணோட நிக்கிறாங்க. போய் அவங்களப் பாருங்க."

மாலை அவர் கையிலேயே இருந்தது. பட்டறை ஆட்கள் ஒருவரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.