உம்மாவின் தெத்துப்பல்

வாயிலுள்ள பற்களை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்று ராமநாதபுரத்துப் பல் டாக்டர் சொன்னபோது என் உம்மா அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் ஓடினோம். ஈறு முழுக்கச் சீழ், விட்டுவிட்டுக் காய்ச்சல், சர்க்கரை வியாதி வேறு, இப்படியே விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவளுக்கும் காது கேட்கத்தான் செய்தது.

அறுபதை நெருங்கிய மனுஷி. அந்த வயதில் பல் போகாதவர்கள் எங்கள் தெருவில் யார் இருந்தார்கள்? மற்றப் பற்களைப் பற்றி அவளுக்கும் கவலை இல்லை. மேல்வரிசையில் இடதுபக்கம், பக்கத்துப் பல்மேல் ஏறி நின்ற தெத்துப்பல் ஒன்று இருந்தது. அதைத் தொடக் கூடாது.

என் வாப்பா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். அப்புறம் கடிதம் இல்லை, ஆள் இல்லை, செத்தார் என்ற சேதியும் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்கள் சிலர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை. புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவை இருந்து முடித்துவிடு என்று சொந்தக்காரப் பெண்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். உம்மா அசையவில்லை.

கல்யாணத்தன்று முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்த வாப்பா, "இந்தப் பல்ல வச்சே ஆயிரம் பேருக்கு நடுவுல உன்னக் கண்டுபிடிச்சிருவேன்" என்று கேலி செய்தாராம். அந்தக் கேலியை இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவு தட்டப்பட்டால், வந்தது மீன்காரியாக இருந்தாலும், அந்தப் பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் திறப்பாள். சின்ன வயதில் எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பயம். அது எனக்கான சிரிப்பு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் நான் கத்திவிட்டேன். "பல்லு பெருசா, உசுரு பெருசா?"

"இன்னொரு டாக்டர்ட்ட காட்டு. அவரும் இதையே சொன்னா அப்பப் பாப்போம்" என்றாள்.

மதுரையில் ஒரு சீனாக்கார டாக்டர் இருக்கிறார், தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்க்கும் குடும்பம் என்று என் வீட்டுக்காரர் விசாரித்து வந்தார். ரயிலில் போனோம். வழியெல்லாம் உம்மா கிராம்பைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் வாயின் வாடை எங்களுக்கு அடிக்கக் கூடாதாம்.

டாக்டர் நம்மைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசினார். அதிலேயே உம்மாவுக்குப் பாதிப் பயம் தெளிந்தது. அவர் பார்த்து முடித்ததும், "எல்லாத்தையும் எடுத்துக்கங்க டாக்டர். இந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க" என்றாள்.

அவர் ஒரு கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டு, விரலால் அந்தப் பல்லை லேசாகத் தொட்டார். ஆடியது. ஈறோரம் சீழ் கசிந்தது.

"முதல்ல இதுதாம்மா விழும். சதையில தொங்கிக்கிட்டு இருக்கு. ராமநாதபுரத்து டாக்டர் சொன்னது சரிதான்."

உம்மா கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஜெயித்த மாதிரி இருந்தது, ஆனாலும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் கண்ணாடியை வாங்கி வைத்தேன்.

பிடுங்குவதற்கு முன்னால் வாயை அச்செடுத்து வைத்துக்கொள்வது அந்த டாக்டரின் வழக்கம். கட்டுப்பல் செய்யும்போது உதவுமாம். இளக்கிய மெழுகைக் கடிக்கச் சொல்லி, அந்தத் தடத்தில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினார். காய்ந்து வந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தெத்துப்பல்லோடு உம்மாவின் வாய் மேஜைமேல் இருந்தது. எதிரே உம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அச்சு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் துணி எடுப்பேன்.

பல தடவை போய்வந்து பற்களை எல்லாம் எடுத்தாயிற்று. புண் ஆறிக் கட்டுப்பல் பொருத்தும் நேரம் வந்தபோது, தெத்துப்பல்லை அதே மாதிரி வைத்துத் தரட்டுமா என்று டாக்டர் கேட்டார்.

"வேணாம். பொய்ப்பல்லக் காட்டி அவர ஏமாத்தக் கூடாது" என்ற உம்மா, அந்த அச்சை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காய்ச்சல் நின்றது, முகம் தெளிந்தது, சோறும் இறங்கியது. ஆனால் கதவு தட்டினால் அவள் எழுந்து போவதே இல்லை. "யாருன்னு பாரு புள்ள" என்று என்னை அனுப்பிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். வெள்ளைத் துணியில் சுற்றிய அச்சை என் கையில் வைத்தாள்.

"நான் மவுத்தான பொறகு வாப்பா வந்தா இதக் காட்டு. கடைசிவரைக்கும் இருந்தேன்னு அவருக்குத் தெரியட்டும்."

வாப்பா கப்பலேறியபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். போட்டோ எடுப்பதை எங்கள் வீட்டில் யாரும் விரும்பியதில்லை.

"காட்டுறேன் உம்மா. ஆனா வாரவரு வாப்பாதான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? அவரு எப்படி இருப்பாரு?" வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"உசரமா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "நெறம் வந்து..." மறுபடியும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு புள்ள, சொல்றேன்."

நான் அச்சை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பொழுது அடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். உம்மா கண்ணைத் திறக்கவில்லை. வாப்பாவின் முகம் அவளுக்கு ஞாபகத்துக்கு வரவே இல்லை.