நீலம் ஏறாத திரி

மதியம் ஒன்று இருபதுக்குப் பள்ளி வேன்காரரிடமிருந்து போன் வந்தது. தலைநகரின் மண்டி ஹவுஸ் பக்கத்திலிருக்கும் என் அலுவலகத்தில் டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தேன்.

"சார்ஜி, பேபி உங்ககூடத்தானே இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லையே. வேன்ல இல்லையா?"

"அப்பா கூட்டிட்டுப் போக வர்றாங்க, நீங்க கிளம்புங்க டிரைவர் பையான்னு சொன்னாளே! பையை மட்டும் சீட்டுல வெச்சுட்டுப் போயிட்டா. சரி, பையையாவது வீட்டுல குடுக்கலாம்னு உங்க வாசல்ல நிக்கிறேன். பூட்டியிருக்கு."

நான் வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அன்று பள்ளி சீக்கிரம் விட்டதே எனக்கு அப்போதுதான் தெரியும். போனை எடுத்துப் பார்த்தால் வகுப்பு குரூப்பில் பன்னிரண்டரைக்கே செய்தி வந்திருந்தது: காற்று மோசமாக இருப்பதால் திங்கள் முதல் மறு அறிவிப்பு வரும்வரை வகுப்புகள் ஆன்லைனில் நடக்கும், இன்று பன்னிரண்டே முக்காலுக்கே வேன்கள் புறப்படும். அதன் கீழே மற்ற பெற்றோர்கள் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் அந்த நேரத்தில் மீட்டிங்கில் இருந்தேன்.

"பையை அப்படியே ஸ்கூலுக்குக் கொண்டு வாங்க, ஜல்தி" என்றேன்.

"வண்டியில இன்னும் ஆறு பிள்ளைங்க இருக்கு சார்ஜி. இறக்கிட்டு வர்றேன்."

அந்தப் பையின் முன் ஜிப்பில்தான் அவளுடைய இன்ஹேலர் இருந்தது.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. குளிர் வந்தால் வீசிங் வரும். போன குளிரில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாவது முறை ஆட்டோவில் போகும்போது அவள் உதட்டோரம் நீலமாக மாறியதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு நான் பழைய ஆளாக இல்லை. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் போனில் காற்று மாசின் அளவைப் பார்ப்பேன். படுக்கப்போகும்போதும் பார்ப்பேன். "நீ பாத்தா மட்டும் கொறஞ்சிருமா?" என்று மனைவி கேட்பாள். அவளுக்கு வங்கி வேலை. லக்னோவுக்கு மாற்றலாகி, மாதத்தில் இரண்டு வாரக்கடைசிகளில்தான் வருகிறாள். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான்; பள்ளி விடும் நேரத்துக்கு வரும் வேலைக்காரம்மா நான் திரும்பும்வரை அவளோடு இருப்பார்.

டிபன் பாக்ஸை மூடாமலே மெட்ரோவுக்கு ஓடினேன். நடைமேடையிலிருந்து பள்ளி அலுவலகத்துக்கு அடித்தேன். எல்லாப் பெற்றோரும் அந்நேரம் அதே எண்ணை அடித்துக்கொண்டிருந்தார்கள் போல, லைன் கிடைக்கவேயில்லை. வகுப்பு டீச்சரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் தலைமையாசிரியையின் அறையில் ஆன்லைன் வகுப்புக்கான கூட்டத்தில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மனைவிக்கு அடிக்க விரல் போனது. அடிக்கவில்லை. லக்னோவில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்?

யமுனைப் பாலத்தின் மேல் ரயில் போனபோது கீழே ஆறு தெரியவில்லை. சாம்பல் நிறப் புகைதான் இருந்தது. இதற்குள் அவள் எங்கே நடந்துகொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன். முகத்தில் மாஸ்க் இருக்குமா? அதுவும் பையில்தான் இருக்குமோ?

செடிகளின் நினைவு அப்போதுதான் வந்தது.

தீபாவளி முடிந்து புகை இறங்கியதும் பள்ளியில் வெளி விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். மைதானத்துக்குப் போக முடியாத பிள்ளைகளை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைப்பது எப்படி என்று யோசித்த டீச்சர், தோட்டத்தை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். கிழக்கு ஜன்னல் ஓரம் இரண்டு பழைய பெஞ்சுகள். அவற்றின் மேல் பாதியாக வெட்டிய குளிர்பான பாட்டில்களில் வெந்தயம், புதினா, கற்பூரவல்லி, ஒரே ஒரு தக்காளி. அந்தத் தக்காளி காய்க்குமா காய்க்காதா என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. என் மகள் காய்க்கும் கட்சி.

இதைக் கேட்டதும் நான் செய்த முதல் வேலை, அவள் டைரியில் எழுதியதுதான். 'என் மகளுக்கு வீசிங் உண்டு. மண், செடி எதன் அருகிலும் அவளை விட வேண்டாம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். மறுநாள் டீச்சர் போன் செய்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

"சார், எழுதினதைப் பார்த்தேன். மண்ணை அவ தொடவேண்டாம். ஆனா எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல்கிட்ட நிக்கறச்சே இவ மட்டும் கடைசி பெஞ்சுல தனியா உக்காரணுமா? தண்ணி டிபார்ட்மெண்ட்டை அவகிட்ட குடுத்துடறேன். யாருக்கு எவ்வளவு தண்ணின்னு அளந்து ஊத்தறது அவ வேலை. அவ மருந்து ஒரு செட் என்கிட்ட குடுத்து வைங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நான் அரைமனதாகச் சரி என்றேன். அடுத்த நாள் பழைய இன்ஹேலர் ஒன்றையும் அதை மாட்டி அடிக்கும் பிளாஸ்டிக் குழாயையும் ஒரு கவரில் போட்டு அனுப்பினேன். பிறகு அதை மறந்தே போனேன். ஏதாவது மேஜை டிராயரில் கிடக்கும் என்றுதான் நினைத்திருப்பேன்.

தண்ணீர் இலாகா கிடைத்ததிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி போனது. இருமல் மருந்து மூடியால் அளந்துதான் காபிக்குப் பால் ஊற்றவேண்டும் என்றாள். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால் பாத்ரூம் வாசலெல்லாம் ஈரம். துண்டின் ஒரு முனையைத் தண்ணீர் வாளிக்குள்ளும் மறு முனையைக் காலி மக்கிலும் தொங்கவிட்டிருந்தாள்.

"என்ன கூத்துட்டி இது?"

"அப்பா, தண்ணி தானே மேல ஏறுது! யாரும் தூக்கவே இல்ல. தேக்கோ, நீயே பாரு!"

வகுப்பில் செய்து பார்த்திருக்கிறார்கள். நான்கு டம்ளர்களில் பேனா மை கலந்த நீலத் தண்ணீர். ஒன்றில் விளக்குத்திரி, ஒன்றில் ஷூ லேஸ், ஒன்றில் கம்பளி நூல், ஒன்றில் நைலான் கயிறு. எதில் நீலம் மேலே ஏறுகிறது என்று பார்க்கவேண்டும். விளக்குத்திரிதான் ஜெயித்தது. நைலான் தோற்றது. சனி, ஞாயிறு விடுமுறையில் செடிகள் வாடாமலிருக்க, ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு திரியைச் செருகி, அதன் வாலை, ஏறுவது தெரிய மை கலந்த தண்ணீரில் விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். தண்ணீர் அவள் இலாகா அல்லவா, அதனால் வெள்ளிக்கிழமை திரி கொண்டுவருவதும் அவள் பொறுப்பு. அன்று காலை சாமி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அவள் பையில் வைத்ததைப் பார்த்தேன். திரிதானே என்று பேசாமல் விட்டுவிட்டேன்.

அன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. பள்ளியை மூடுவது இரண்டு நாளைக்கா இரண்டு வாரத்துக்கா என்று யாருக்கும் தெரியாது. செடிக்காகத்தான் எங்கேயோ நின்றிருக்கிறாள் என்று ஒரு மனம் சொன்னது. அப்படியே இருந்தாலும் மருந்து இல்லாமல் நிற்கிறாளே என்று மறு மனம் சொன்னது.

இதை எழுதும் இப்போதும் மதியம் ஒன்று இருபதுக்குப் போன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் வருகிறது. நான் பிள்ளையைக் காப்பதாக நினைத்து மண்ணிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் அவளைத் தள்ளி வைக்கப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் வேறு சிலர், என்னைவிட நன்றாக, சத்தமே இல்லாமல் அவளைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் நேரில் நன்றி சொன்னேன். போதவில்லை என்று தோன்றுவதால் எழுதியும் வைக்கிறேன்.

இரண்டு மணி ஐந்துக்குப் பள்ளி வாசலை அடைந்தேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போயாச்சு சார்ஜி. பிள்ளைங்க ஒருத்தரும் இல்லை."

"என் பொண்ணு வேன்ல ஏறல. உள்ளதான் இருக்கா. கேட்டைத் திறங்க."

"பெரியவங்க உள்ள போகக்கூடாது. பிள்ளையைத்தான் வெளிய கூட்டிட்டு வருவோம், அதுதான் ரூல். ஆனா பிள்ளையே இல்லையே."

நான் கத்தினேன். வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. பாதி இந்தியிலும் பாதி எங்கள் திருநெல்வேலித் தமிழிலும் கத்தினேன். எதிரே சிகைக்காய்ப் பொடி, அப்பளம் விற்கும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காவலாளி கோபித்துக்கொள்ளவில்லை. கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "மூச்சு வாங்குது உங்களுக்கு. மொதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்று கம்பி வழியே ஸ்டூலின் காலை நீட்டிப் பார்த்தார், அது நுழையவில்லை. பிறகு படிக்கட்டை நோக்கி ஓடினார். அவருக்கு வயது அறுபது இருக்கும்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் மாடியில் அவள் வகுப்பின் ஜன்னல் புகைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அதன் பின்னால் ஏதோ பச்சையாக இருந்தது, அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம். மூச்சு இழுத்துக்கொண்டு, ஆளில்லாத அறையில், அவள் சுருண்டு கிடப்பதுபோல மறுபடி மறுபடி கண்முன் வந்தது.

கடைசியில் படிக்கட்டின் கீழே ஒரு பச்சைப் புடவை தெரிந்தது. பள்ளி ஆயாம்மா. விழுப்புரத்துப் பக்கத்துக்காரர், வகுப்புகளைப் பெருக்கிப் பூட்டுவது அவர் வேலை. ஒரு கையால் இடுப்புப் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் என் மகள். ஷூக்கள் லேஸ் இல்லாமல் டப்டப்பென்று அடிக்க வந்தாள். கிட்டே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

உதடு நீலமாக இருந்தது.

கேட்டிலேயே சாய்ந்தேன்.

"அய்ய, பதறாதீங்க சார், அது பேனா மை!" என்றார் ஆயாம்மா. "ஷூ லேசை வாயில வெச்சு முனை திரிச்சுது. தொடச்சுப் பாருங்க."

கம்பிக்குள் கையை விட்டுக் கைக்குட்டையால் துடைத்தேன். நீலம் கைக்குட்டைக்கு வந்தது. அடியில் உதடு சிவப்பாக இருந்தது.

"அப்பா, சாரி" என்றாள் மகள். "பைய வேன்ல வெச்சுட்டு, போறதுக்கு முன்னாடி சும்மா ஒருதடவ பாக்கப் போனேன். நம்ம வீட்டுத் திரில நீலம் ஏறவே இல்ல. மண்ணு எல்லாம் காஞ்சு ஸூக்கா. இப்படியே விட்டா தக்காளி செத்துடும். அதான் வேன் பையாகிட்ட அப்பா வர்றாங்கன்னு ஜூட், பொய் சொன்னேன்."

"ஏன் ஏறல?" என்றேன்.

"திரி முன்னாடியே ஈரமா இருந்துச்சு. ஈரம்னா ஜல்தி ஏறும்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை. விளக்குத்திரியை எண்ணெயில் ஊறப்போட்டு வை என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள். அவள் சொன்னது சனிக்கிழமை ராத்திரிக்கு. எதையும் முன்கூட்டியே செய்துவிடும் நான், வியாழக்கிழமையே எல்லாத் திரியையும் நல்லெண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து அதே டப்பாவில் போட்டு மூடியிருந்தேன்.

ஆயாம்மா சிரித்துவிட்டார். காவலாளி பின்னால் வந்து, இரைத்தபடி கேட்டைத் திறந்தார்.

"ரூம்பு பூட்டப் போனா ஒத்தையா தரையில உக்காந்திருக்குது சார். நெஞ்சு கொஞ்சம் இழுக்குதும்மான்னுச்சு. டீச்சரு அலமாரில பாப்பா பேரு எழுதி மருந்து வெச்சிருக்காங்க, அத எடுத்து ரெண்டு அடி அடிச்சு, பத்து வரைக்கும் எண்ணினேன். எங்க எல்லாரையும் கூப்ட்டு டீச்சரு அன்னைக்கே காமிச்சுக் குடுத்தாங்களே. அப்பறம் சரியாப் பூடுச்சு. போன் பண்ணலாம்னா நம்பரு டைரில, டைரி பையில, பை வண்டில. தனியா விட்டுட்டு எறங்க மனசு வரல, அதான் கூடவே உக்காந்துட்டேன்." புடவையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எல்லாத் தொட்டிலயும் இப்ப தண்ணி ஏறுது சார். ஆனா அடுத்த தபா எண்ணெ படாத திரியாப் பாத்துக் குடுத்தனுப்புங்க. ஷூ லேசு பத்தலன்னு உங்க பொண்ணு என் பாவாட நாடாவ உருவிடுச்சு."