படத்திலிருந்து வெட்டிய கை

“மலையொன்றில் விஷப்பாம்பு இருப்பதாக, இடத்தைக் காட்டும் சான்றுடன் எழுத்தில் அறிவித்தால், ஏழு நாட்களுக்குள் புதர் வெட்டப்படும், அதுவரை அங்கே கொழுந்து பறிக்கப்படமாட்டாது.” புசல்லாவைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அறிவிப்புப் பலகையில் உள்ள விதி இது. முப்பத்திரண்டு வருடம் அரச அலுவலகத்தில் இருந்தவன் நான். நன்றாக எழுதப்பட்ட விதியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஜூன் 3, காலை 5.40. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் ஏறி, கண்டியில் நுவரெலியா பஸ்ஸுக்கு மாறினேன். நாற்பது கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம். கம்பளை தாண்டியதும் வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. மடியில் கமராப் பை. ஓய்வுபெற்ற பின் பாம்புகளைப் படமெடுக்கிறேன். கோப்புகளோடு ஒப்பிட்டால் அவை வேகமாகவே நகர்கின்றன.

8.15. புசல்லாவையில் சவரிமுத்து ஆட்டோவோடு நின்றார். ஒரு காலத்தில் என் அலுவலகத்தில் பியூன். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவருடைய மனைவி மரியசெல்வியைப் போன மாதம் பச்சை விரியன் விரலில் கடித்தது. சான்றுக்குப் படமெடுக்க என்னை அழைத்ததும் சவரிமுத்துதான்.

“வாங்க சேர். பாம்புகிட்டயும் விண்ணப்பம் கேப்பீங்களா?”

“ஓம். மூன்று பிரதியில.”

9.00. ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும் மலை என்றுதான் பெயர். விரலில் கட்டோடு மரியசெல்வி ஒரு தேயிலைச் செடியைக் காட்டினார். கொழுந்தின் நிறத்திலேயே சுருண்டு கிடந்தது விரியன்.

“நாலு நாளா இதே செடியிலதான் சேர் கெடக்கு. கங்காணி, ஆதாரம் குடுங்கிறாரு. திங்கக்கெழம எங்கள இங்கதான் எறக்குவாங்க.”

செடியின் அருகே சுண்ணாம்பால் ‘7’ என்று எழுதிய கல். மரியசெல்வி கையை நீட்டிச் சுட்டியபடி நின்றார்.

“என் கையும் கல்லும் விழுதா சேர்?”

“விழுது பிள்ளை.”

வீட்டில் கணினியைத் திறந்ததும் படத்திலிருந்த மரியசெல்வியின் கை கண்ணை உறுத்தியது. பாம்பின் கண் படத்தின் மூன்றிலொரு கோட்டில் இருக்கவேண்டும், அது பார்க்கும் பக்கம் வெற்றிடம் வேண்டும், வால் துண்டுபடக்கூடாது. மூன்றையும் கடைப்பிடித்தேன். வெள்ளைக் கல் கண்ணைக் குத்தியது, வெட்டினேன். கட்டுப்போட்ட விரல் பார்வையைச் சிதறடித்தது, அதையும் வெட்டினேன். பச்சை மேல் பச்சை, நடுவே ஒரு மஞ்சள் கண். பாம்புப் படக்காரர் குழுவில் பாராட்டு குவிந்தது. தோட்ட அலுவலகத்துக்கும் நல்ல படம்தானே போகவேண்டும்? ஜூன் 5ஆம் திகதி, முறைப்படி எழுதிய கடிதத்தோடு அதையே அனுப்பினேன்.

ஜூன் 12 பதில் வந்தது: “பாம்பு தெளிவாக உள்ளது. இடம் தெளிவாக இல்லை.”

இதே வாக்கியத்தை என் மேசையிலிருந்து எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! கோபப்படக்கூட வழியில்லை.

அன்று மாலை மரியசெல்வி போனில் வந்தார்.

“இவரு போன்ல படத்தப் பாத்தேன் சேர். பாம்பு ரொம்ப அழகா இருக்கு. என் கைய ஏன் சேர் வெட்டுனீங்க?”

“பார்வை சிதறும் பிள்ளை.”

“அங்கதானே சேர் அவங்க பாக்கணும்? நாளைக்கும் அந்த மலைக்குத்தான் போறோம். கம்பால தட்டித் தட்டித்தான் பறிக்கிறோம்.”

வெட்டாத படத்தை உடனே அனுப்பினேன். அதில் பாம்பு ஓர் இலையளவுதான். கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. கட்டுப்போட்ட விரல் படத்தின் நட்டநடுவில். எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டாது. பலகையின் முன் நின்று விதியைச் சந்தேகித்தவன், அந்த விதி கேட்ட ஒரே சான்றைத் தன் கையாலேயே வெட்டி எறிந்திருக்கிறேன்.

இடைப்பட்ட நாட்களில் விரியன் யாரையும் கடிக்கவில்லை. அது பாம்பின் தயவு. ஏழாம் மலையில் பறிப்பு நிறுத்தப்பட்டது, புதர் வெட்டியாயிற்று என்று அலுவலகம் எழுதியிருந்தது. தாமதத்தைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதத் தாளை எடுத்தேன். விதியில் உள்ள ஏழு நாட்களை, முழுப்படம் அனுப்பிய ஜூன் 12இலிருந்து விரல்விட்டு எண்ணினேன். தாளை மடித்து வைத்துவிட்டேன். பதில் வந்த திகதி ஜூன் 19.