அரை இன்ச்

என் அக்கா தையல்காரி. அளவு நாடா இல்லாமலே ஆளைப் பார்த்து இடுப்பைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டின புருஷன் ஊதிப்போனது மட்டும் கண்ணில் படவில்லையா என்று சாவு வீட்டில் ஒருத்தி கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டதம்மா, நன்றாகவே பட்டது.

அத்தான் பஸ் டிரைவர். டிரிப்புக்கு ஒரு கிரீம் பன், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. எடையைக் குறைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் மிரட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து பன்னைத் தொட மாட்டேன்" என்பார் அத்தான். "திங்கறதுக்குன்னே ஒரு கிழமையா அத்தான்?" என்று நான் வாயை விட, அதுவே பட்டப்பெயராகிவிட்டது. டிப்போவிலும் அவர் 'திங்கக்கிழமை'தான். பாவம், முயலாமல் இல்லை. மூன்று நாள் விடியலில் வேர்க்க விறுவிறுக்க நடப்பார். நான்காம் நாள் சட்டைப்பையில் பன் துகள் இருக்கும்.

பேண்ட் இறுகினால் மனுஷர் இடிந்து உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அக்கா அந்தக் காரியத்தைச் செய்தாள். தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில், பின்னிடுப்பில் உள்ளே மடித்து விட்டிருக்கும் துணியில் அரை இன்ச் பிரித்துத் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு, "பாத்தியா, எடை ஏறவே இல்ல!" என்று அவர் சிரிப்பார். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. உள்மடிப்புத் துணி தீர்ந்ததும் ஒட்டுத்துணி வைத்தாள். ஒரு மத்தியானம் டிப்போவில் நின்றிருந்த பஸ்ஸிலேயே ஸ்டியரிங்கில் சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மெஷின் ஓசை அடங்கும்போதெல்லாம் அக்கா திடுக்கிட்டு வாசலைப் பார்ப்பாள். "கேட்டுச்சாடி? 'ஏறவே இல்ல'ங்கறாரு." எனக்கு எதுவும் கேட்காது. ஆனாலும் நானும் வாசலைப் பார்ப்பேன். அவருடைய காக்கி பேண்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, பிரித்த தையல்களின் ஊசித் துளைகளை வரிசை வரிசையாகத் தடவுவாள்.

போன வாரம் அவள் மகன் வந்தான். அப்பனை உரித்து வைத்த தொப்பை. கையில் ஒரு பேண்ட்.

"அம்மா, ஒரு அரை இன்ச் பிரிச்சு விடேன்."

அக்கா பேண்ட்டைப் பறித்துக்கொண்டாள். "மாட்டேன்டா! இப்படித்தான் உங்கப்பாவைக் கொன்னேன். அவருக்கே தெரியாம பிரிச்சுப் பிரிச்சுக் கொன்னேன்."

அவன் தரையைப் பார்த்தான். "அப்பாவுக்குத் தெரியும்மா."

"என்னடா உளர்ற?"

"மொத தடவையே தெரியும். 'உங்கம்மா ஆசையா செய்யறா, காட்டிக்காத'ன்னு எங்கிட்ட சொன்னாரு. 'அவ பிரிச்சு விடற வரைக்கும் எனக்கென்னடா பயம்'னு சிரிச்சாரு."

அக்கா அழவில்லை. மகனின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீயும் தெரிஞ்சேதான் கேக்கறியா?"

அவன் பேண்ட்டைப் பிடித்து இழுத்தான். அவள் பிடியை விடவில்லை.

"விடும்மா. தெருமுனை டைலர்கிட்ட குடுத்துக்கறேன்."