சிவப்புக் கோடும் நோட்டுக்காரரும்

படகுத் தொழிலில் தண்ணீரை நம்பலாம். படகில் ஏறுகிறவரை நம்ப முடியாது. கடை, ஆட்டோ, லாட்ஜ் என்று தினம் நாலு ஆள் முகத்தில் விழித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கழிமுகத்து அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவது என் பிழைப்பு.

அசையாத நாரை

சிறுசேரி ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஆறு பேர். ஏறும்போதே, "பறவை இல்லேன்னா பாதி ரேட்டுதான்" என்று பேரம். என்னிடமேவா? "பறவை இருந்தா ரெண்டு மடங்கு தர்றியா?" என்றேன். முழு ரேட்டுக்கே ஏறினார்கள்.

காட்டு வளைவில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளுவேன். சத்தம் கேட்டால் பறவை நிற்காது. வேர்களுக்கு நடுவே ஒரு நாரை, இறகுகூட அசையாமல் நின்றது. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, "அண்ணா, பொம்மைதான? காலைல நீங்களே நட்டு வெச்சீங்களா?" என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ கோபம், "யம்மா!" என்று கத்திவிட்டேன். நாரை பறந்தே போய்விட்டது. அவள் என் இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரிமோட்ட எங்கண்ணா வெச்சிருக்கீங்க?"

ஏழுமலை வாங்கித் தந்த டீ

பக்கத்துப் படகு ஏழுமலை சும்மா டீ வாங்கித் தருகிற ஆள் இல்லை. அன்றைக்கு வாங்கித் தந்தான். படகு ஓட்டும் என் பர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து, அது ஆபீசில் கிடந்த நேரம். வரவில்லை என்றால் படகைக் கரையேற்றிவிட்டு நான் வேறு வேலை தேட வேண்டியதுதான். இவனுக்கு என்ன திடீர் அக்கறை என்று யோசிக்கும்போதே காதருகில் வந்து சொன்னான்: "மச்சான், ஆபீஸ் ஆளு ஒருத்தன் சாதா ட்ரெஸ்ல ஏறி நோட்டம் பாக்குறானாம். ஏறுறவன் மூஞ்சியப் பாத்துகினே ஓட்டு."

நோட்டுக்காரர்

மறுநாளே வந்தார். தனி ஆள், கேமரா இல்லை, கையில் சின்ன நோட்டு. பேரமும் பேசவில்லை. பேரம் பேசாத ஆளை நான் நம்புவேனா? லைஃப் ஜாக்கெட்டை மூன்று முறை இறுக்கிக் கட்டிவிட்டேன். நான் வாயைத் திறந்தால் எழுதினார், மூடினாலும் எழுதினார்.

வளைவில் ஒரு வேரில் சிவப்பு பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் தண்ணீர் வற்றுகிறது, உடனே திரும்பிவிட வேண்டும். ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்று என் கண் அந்த நோட்டைவிட்டு நகரவே இல்லை. படகு பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. பார்த்தால், கோடு ஒரு சாண் மேலே நிற்கிறது.

போச்சு பர்மிட் என்று குதித்துத் தள்ளினேன். அவரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். தொடை வரை சேறு. "சார், நேராவே கேட்டுடுறேன், நீங்க எந்த ஆபீஸு?" என்றேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நோட்டை நீட்டினார். நீர்க்காகம், மீன்கொத்தி, உள்ளான் என்று வெறும் பறவைப் பெயர்கள். "நான் பறவையப் பாத்துகினு வந்தேன், நீ என்னையப் பாத்துகினு வந்த. தண்ணிய யாருப்பா பாக்குறது?"

பர்மிட் அடுத்த வாரமே வந்துவிட்டது; ஆனாலும் அந்த நோட்டில் நான் பார்க்காத பக்கங்களில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.