தண்ணீர் குடித்த படகு

ஒரகடம் கம்பெனியில் பிரஸ் மெஷின் வலது கையை நசுக்கியதிலிருந்து அண்ணன் யாருடனும் பேசுவதில்லை. ஏரிக்கரையில் கிடந்த பழைய மரப்படகை வாங்கி, மாதக்கணக்கில் இடது கையாலேயே செப்பனிட்டான்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்தால், படகு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. கரையில் அவன் செருப்பு மட்டும்தான் இருந்தது. அலறிக்கொண்டு ஏரியில் குதித்தேன்.

"இன்னாடா பண்றே?" மரத்தடியிலிருந்து அண்ணன் குரல். "நான்தான் முக்கி வெச்சேன். காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊறுனாத்தான் இடுக்கு அடையும். அத்தோட வேலை முடிஞ்சுது."

கரையேறி அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"செத்துட்டேன்னு நெனச்சியா? படகு முடியட்டும்னுதான் அத இத்தினி நாளா தள்ளிப் போட்டுக்கினு கீறேன்" என்றான்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அதைவிட மோசமாக உடைந்த படகு ஒன்று கிடைக்காதா என்று ஏரி ஏரியாக அலைந்தேன்.