மூன்று கட்டையில் ஒரு ஜாஸ் பாட்டு

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு வாரம் முழுக்க ஸ்பேனர், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் சாக்ஸபோன். அவர் வாசிக்கும் ஹோட்டலில்தான் அவர் மனைவியும் பாடிக்கொண்டிருந்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு பாட்டு நின்றுவிட்டது. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

வருகிற சனிக்கிழமை அவளுக்கு மறுபடி மேடை. அன்றைக்கும் குரல் கைகொடுக்காவிட்டால் இனி மைக்கைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பழைய ஜாஸ் பாட்டு ஒன்று. எப்போதும் நாலு கட்டைச் சுருதியில் பாடுவது. சமையலறையில் பாடிப் பார்த்தாள். உச்ச வரியில் குரல் கிழிந்தது.

"சுருதியை இறக்கிக்கலாம் விடு. ரெண்டரைக் கட்டை. உனக்கு நல்லா இருக்கும்" என்றார் மெக்கானிக்.

இரண்டரைக் கட்டை என்றால் அவருடைய சாக்ஸபோனில் விரல்கள் தாமாக ஓடும். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் வாசிப்பார். இப்போது உச்ச வரி அவளுக்குச் சுலபமாக வந்தது. ஆனால் தாழ்வாகத் தொடங்கும் முதல் வரி தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போனது.

"கேக்குதா?"

"ம்... கேக்குது."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

மெக்கானிக் அடுப்பைப் பார்த்தார்.

மறுநாள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பியானோக்காரர் வந்தார். தடித்த கண்ணாடியால் குழுவில் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். முதல் வரியையும் உச்ச வரியையும் மட்டும் பாடவைத்து, அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே போனார். மூன்று கட்டையில் இரண்டு வரிகளுமே பிசிறில்லாமல் வந்தன.

"மூணுதான் அக்கா. அண்ணன் மூஞ்சியைப் பாருங்க! அவர் வாத்தியத்துல இந்தச் சுருதி விரலை முடிச்சுப் போட்டுடும்."

"அப்ப நேத்து ரெண்டரைன்னது யாருக்காக? எனக்கா, உங்க விரலுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"அதுல என் பங்கு எவ்வளவு?"

"...கொஞ்சம்."

"சரி. நீங்க ரெண்டரையிலயே ஊதுங்க. நான் கீழ உக்காந்து கேக்கறேன்."

சோடாபுட்டி அவசரமாகக் கீபோர்டின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மறுநாளிலிருந்து மெக்கானிக் வேலைக்கு நடுவே வேனில், ரப்பர் குழாய்களுக்கிடையே உட்கார்ந்து மூன்று கட்டையில் வாசித்தார். விரல் சிக்கிக்கொண்டே இருந்தது. வழக்கமாகச் சுரங்களை மழையாகக் கொட்டும் இடம் இந்தச் சுருதியில் நடக்காது என்று புரிந்தபோது பாதியை வெட்டி எறிந்தார். மிச்சம் நின்றவற்றை நீட்டி ஊதினார். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "மூணுலயே வாசிக்கறேன், வா" என்றார். அவள் எழுந்துபோய், மேடைக்கு எடுத்துவைத்திருந்த சேலைக்கு இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமை முதல் வரி கடைசி மேஜைவரை போனது. உச்ச வரி மெலிந்து வந்தது, ஆனால் கிழியவில்லை. நடுவில் சாக்ஸபோன்தான் ஒரு தரம் கோழி மாதிரிக் கத்தியது. சோடாபுட்டி இருமினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வரியைப் பிடித்தாள்.

வேனில் திரும்பும்போது, இனியும் பாடுவாளா என்று அவராகக் கேட்கப் பயம்.

வீட்டுத் தெரு திரும்பியதும் அவளே ஆரம்பித்தாள்.

"நடுவுல ஒண்ணு கத்துச்சே, அதை மட்டும் அடுத்த வாரம் சரி பண்ணிடுங்க."